ஹவுசிங்கைத் திறக்காமல் பல் எண்ணியது

என்னிடம் இருப்பது பெட்ரோல் அம்பாசிடர், மார்க் 3. 1489 சிசி இன்ஜின், ஸ்டியரிங் கழுத்திலேயே கியர். இன்ஜினும் பிரேக்கும் ஒருவழியாக வழிக்கு வந்த பிறகு மிஞ்சிய கேள்வி பின்னச்சு பற்றியது. பல கைகள் மாறி வந்த வண்டி. உள்ளே எந்தக் கிரவுன் பினியன் (பின்சக்கரங்களை ஓட்டும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுழற்றும் சின்னது பினியன்) கிடக்கிறது என்று சொல்ல ரசீதும் இல்லை, ஆளும் இல்லை.

சந்தேகத்தைக் கிளப்பியது ஓடோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வழியாகத் தெற்கே போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால், கல் கணக்கில் 50 கிலோமீட்டர் ஆகும்போது மீட்டர் 47-ஐக்கூடத் தொடவில்லை. கைப்பேசியில் இருக்கும் ஜிபிஎஸ்ஸும் கல்லின் கட்சிதான். பழைய வண்டி மீட்டர் பொய் சொல்வது ஊரறிந்த விஷயம். ஆனால் கேபிள் தேய்ந்த மீட்டர் ஒருநாள் ஒருமாதிரி பொய் சொல்லும், முள் துள்ளும். இதுவோ எந்த வேகத்திலும் நூற்றுக்கு ஆறரை என்று அளந்து குறைத்தது. இப்படி ஒழுங்காகப் பொய் சொல்லும் மீட்டரைக் கண்டால் எங்கோ பல்சக்கரம் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

காரணம் எளிது. ஸ்பீடோமீட்டர் கேபிள் சக்கரத்திலிருந்து வருவதில்லை, கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்து வருகிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம், கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டுமே. பின்னச்சின் விகிதத்தை, அதாவது கிரவுன் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை, மாற்றிவிட்டு, கேபிளை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தை மாற்றாமல் விட்டால் மீட்டர் பழைய அச்சின் கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். டயரின் உயரம் மாறினாலும் இப்படி ஆகலாம்தான். என் வண்டியில் 5.90-15 அளவே இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

அம்பாசிடரின் மூலம், பிஎம்சி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். அதே பிஎம்சி குடும்பத்துப் பின்னச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் பல் இணைகள் சிலதான்: பினியனில் 8, கிரவுனில் 39 என்றால் 4.875; 9-க்கு 41 என்றால் 4.555, 10-க்கு 43 என்றால் 4.3, எம்ஜிபி காருக்குப் போட்ட 11-க்கு 43 என்றால் 3.909. நான் தேடுவது இந்த நாலில் ஒன்றை. 4.555-ஐ 4.875-ஆல் வகுத்தால் 0.934 வருகிறது. மீட்டர் குறைத்துச் சொல்வதும் கிட்டத்தட்ட அதே அளவு. அப்படியானால் 8-க்கு 39 இருந்த இடத்தில் யாரோ 9-க்கு 41 போட்டிருக்க வேண்டும். இது ஊகம், பல்லை எண்ணினால்தான் நிச்சயம்.

வண்ணார்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் ஷெட்டில் கேட்டேன். “இறக்கிப் பார்த்துவிடலாம், தம்பி. அரைநாள் வேலை” என்றார் மெக்கானிக் அண்ணாச்சி. இறக்குவது என்றால் ஆயிலை வடித்து, இரண்டு பக்க ஆக்சிலையும் உருவி, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, முன்பக்கத்து நட்டுகளை எடுத்து, கிரவுன் பினியன் பூட்டிய முழுத் தலையையும் ஹவுசிங் என்கிற அச்சுக் கூட்டிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். “சத்தம் போடாத ஹவுசிங்கைத் தொடலாமா, அண்ணாச்சி?” என்றேன். சிரித்தார். அவருக்கும் அதே கொள்கைதான்.

திறக்காமல் எண்ணும் வழி ஒன்று உண்டு. பின்பக்கத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, கையால் சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று பார்ப்பது. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கையும் விட வேண்டும், ஏனென்றால் அது பின் டிரம் இரண்டையும் சேர்த்தே பிடிக்கும். பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை என்றால் வண்டியை நிறுத்தி வைப்பது கட்டைகள்தான். ஆகையால் முன்சக்கரங்களுக்கும் தரையில் இருக்கும் பின்சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கனமான கட்டை கொடுத்தேன். தூக்கிய பக்கம் அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரையும் படுக்கவிடக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

அடியில் படுத்தது என் அக்கா மகன். ஷாஃப்ட் ஹவுசிங்கைச் சேரும் இடத்தில் உள்ள ஃபிளாஞ்சின் (இணைப்புத் தட்டு) எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தோம். ஹவுசிங் போல்ட்டில் ஒரு கம்பியைச் சுற்றி, அதன் நுனி அந்தக் கோட்டை மயிரிழை இடைவெளியில் பார்க்கும்படி வளைத்தோம். சக்கரத்தில் டியூபின் வால்வே அடையாளம். அதற்கு நேராகத் தரையில் ஒரு செங்கல்.

எண்ணத் தொடங்கும் முன் இந்த முறையின் சூட்சுமத்தைப் பார்த்துவிட வேண்டும். கிரவுனோடு சேர்ந்து சுற்றும் பெட்டிக்குள், இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் சின்னப் பல்சக்கரங்களான ஸ்டார் பினியனும் சன் கியரும் இருக்கின்றன. கிரவுன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அது இரண்டு பின்சக்கரச் சுற்றுகளின் சராசரி. ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்க, மற்றது ஒரு சுற்று போனால் கிரவுன் அரைச் சுற்றுதான் போகும். ஆகவே சக்கரத்தின் இரண்டு சுற்று, கிரவுனின் ஒரு சுற்று. இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டால் ஒன்றைச் சுற்றும்போது மற்றது பின்பக்கமாகச் சுற்றும், சராசரி பூஜ்யம், ஷாஃப்ட் அசையாமல் கிடக்கும். மருமகன் நம்பவில்லை. அவனை வெளியே வரச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் ஸ்டாண்டில் ஏற்றிக் காட்டினேன். நான் வலது சக்கரத்தை முன்னால் தள்ள, இடது சக்கரம் அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரி பின்னால் போயிற்று. வெள்ளைக்கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. “மாமா, இதைக் கண்டுபிடித்தவன் லேசுப்பட்டவன் இல்லை” என்றான்.

மறுபடி ஒரு பக்கத்தை இறக்கிக் கட்டை கொடுத்துவிட்டு எண்ணினோம். பழைய அச்சில் ஆட்டம் இருக்கும். சக்கரம் கொஞ்சம் நகர்ந்த பிறகே ஷாஃப்ட் விழித்துக்கொள்ளும். அதனால் முதலில் முன்பக்கமாகத் தள்ளி ஆட்டத்தை முழுக்க எடுத்துவிட்டு, கோட்டைக் கம்பிக்கு நேராகக் கொண்டுவந்து, அதன் பிறகே செங்கல்லை வால்வுக்கு நேராக வைத்தேன். திரும்பப் பின்னால் சுற்றவே கூடாது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினேன். மருமகன் ஷாஃப்ட் சுற்றை உரக்கச் சொன்னான். இரண்டு பேரும் வாயால் எண்ணினால் ஒருவர் கணக்கில் மற்றவர் வழுக்கி விழுவது நிச்சயம்.

இரண்டு கொட்டை நகர்ந்ததும் ஷாஃப்ட் நாலரையைச் சற்றே தாண்டி நின்றது. 8-க்கு 39 ஆக இருந்திருந்தால் ஐந்துக்கு அரைக்கால் குறைவாக நிற்க வேண்டும். 4.875 இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் 4.3-க்கும் 4.555-க்கும் இடையே கண்ணளவை நம்ப எனக்கு மனமில்லை. உண்மையில் தசமத்தைத் துரத்தவே தேவையில்லை. கோடு மறுபடி கம்பிக்கு நேராக வரும் வரை சுற்றிக்கொண்டே போனால் போதும். பினியனில் 9 பல் என்றால் கிரவுன் ஒன்பதாவது சுற்றை முடிக்கும்போது, அதாவது சக்கரம் 18 சுற்று போனதும், ஷாஃப்ட் சரியாக 41-இல் நிற்கும். 8 பல் என்றால் 16-ஆம் சுற்றில் 39. 10 பல் என்றால் 20-ஆம் சுற்றில் 43. கோடு எந்தக் கொட்டையில் திரும்பி வருகிறதோ அதில் பாதிதான் பினியனின் பல் எண்ணிக்கை. அந்த நேரத்து ஷாஃப்ட் கணக்கு கிரவுனின் பல்.

இது பலிப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மேலே சொன்ன நாலு இணைகளிலும் இரண்டு எண்ணுக்கும் பொதுவான வகுத்தி கிடையாது. பினியனின் ஒரு பல் கிரவுனின் எல்லாப் பற்களையும் ஒரு வலம் சந்தித்த பிறகே பழைய பல்லிடம் திரும்புகிறது. ஒரே ஜோடி திரும்பத் திரும்ப உரசித் தேயாமல் தேய்மானம் எங்கும் பரவட்டும் என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. தேய்மானத்துக்காகச் செய்தது, திறக்காமல் எண்ண நினைப்பவனுக்கும் உதவுகிறது.

16-ஆம் கொட்டையில் கோடு கம்பியை விட்டு ஏறக்குறைய அரைச் சுற்று தள்ளியிருந்தது. 18-ஆம் கொட்டையை வைத்தபோது அடியிலிருந்து “நாற்பத்தொன்று, நேராக நிற்கிறது” என்று குரல் வந்தது. நிறுத்தாமல் 36 வரை போனேன். 82-இல் மறுபடி கம்பிக்கு நேர்.

துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. அம்பாசிடருக்கு முன்னால் ஹேண்டில் போடும் துளை இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, டாப் கியரில் போட்டு, ஹேண்டிலைச் சுற்றலாம். டாப் கியர் நேரடி கியர் என்பதால் இன்ஜின் ஒரு சுற்று, ஷாஃப்ட் ஒரு சுற்று. 41 முறை சுற்றியதும் வால்வு 18 முறை வலம் வந்து செங்கல்லுக்கு நேராக நின்றது. தோள்பட்டை அன்று இரவு வரை வலித்தது, அது வேறு விஷயம். பிளக்கைக் கழற்றாமல் இதைச் செய்ய நினைப்பவரை நான் தடுப்பேன்.

இனி சாலைக் கணக்கு. டயரின் விட்டத்தை டேப்பால் அளந்து பெருக்குவது சரிவராது; வண்டியின் எடையில் டயர் கீழே அமுங்குகிறது. வால்வு அடியில் இருக்கும்போது தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு, வண்டியை ஐந்து சுற்று தள்ளி, மறுபடி கோடு போட்டு இடைத்தூரத்தை அளந்தேன். 10.1 மீட்டர். ஒரு சுற்றுக்கு 2.02. அப்படியானால் டாப் கியரில் இன்ஜின் 1000 சுற்றுக்கு வண்டி மணிக்கு 26.6 கிலோமீட்டர் போகிறது. 80-இல் போகும்போது இன்ஜின் ஏறத்தாழ 3000 சுற்றில் இருக்கும். 4.875 ஆக இருந்தால் அதே வேகத்துக்கு 3200-ஐத் தாண்டியிருக்கும்.

நான் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவன். எனக்கு இந்த 9-க்கு 41 வசதியாகவே இருக்கிறது. பாபநாசத்திலிருந்து மேல் அணைக்கு ஏறும் சாலையில் குடும்பத்தோடு போகும்போது கியரைச் சற்று முன்னதாகவே குறைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். 3.909 போடச் சொல்லி ஆசை காட்டும் நண்பர்களும் உண்டு. எம்ஜிபி இரண்டு பேர் உட்காரும் வண்டி, அதன் இன்ஜினும் பெரியது. ஐந்து பேரும் சாமான்களும் ஏறிய அம்பாசிடரை 1489 சிசி இன்ஜின் அந்த விகிதத்தில் இழுக்கத் திணறும். வேண்டாம்.

மீட்டரைச் சரிசெய்ய கியர்பாக்ஸ் வாலில் உள்ள சின்னப் பல்சக்கர ஜோடியை மாற்ற வேண்டும். அண்ணாச்சி பழைய சாமான் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறார். அது வரும்வரை டேஷ்போர்டில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: முள் 56 என்றால் 60, 75 என்றால் 80. ஆயில் மாற்ற 5000 கிலோமீட்டர் என்று வைத்தால் மீட்டரில் 4670.