யூபியூ (அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பத்தைத் திறக்கும் முன்

மலேசியாவின் ஈப்போவில், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு வரை நாங்கள் மூன்று பேரும் ஒரே வகுப்பு, கேண்டீனில் ஒரே மேசை. தேர்ச்சியிலும் பெரிய வித்தியாசமில்லை. அப்புறம் மலாய்த் தோழி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனுக்குக் கோப்பெங் கல்லூரிக்குப் போனாள். சீனத் தோழி கம்பாரிலுள்ள யூடார் என்ற தனியார் பல்கலைக்கழகத்தில் அடிப்படைக் கல்வி. நான் பள்ளியிலேயே ஆறாம் படிவம்.

அவரவர் விருப்பம் என்றே அப்போது நினைத்தேன். இனத்தைப் பொறுத்தும் கதவுகள் வேறு என்பது பிறகுதான் புரிந்தது. மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்கள், பூர்வகுடியினர்), மீதி 10 மற்ற எல்லோருக்கும் சேர்த்து. 2019-இல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கியபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. மலாய்த் தோழிக்கு அது இல்லையென்றால் பூமிபுத்ராக்களுக்கான யுஐடிஎம் பல்கலைக்கழகம் இருந்தது. சீனத் தோழியின் அப்பா மெட்ரிகுலேஷன் பக்கமே போகவில்லை. அவர்கள் உறவில் பலர் சீனத் தனியார் பள்ளியில் அதன் இறுதித் தேர்வான யூஇசி எழுதி, தைவானுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள். அரசை நம்பிக் காத்திருக்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

எங்கள் வீட்டில் மாமா ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் கட்டணத் தாளைக் கொண்டுவந்தார். அப்பா ஒரு தடவை பார்த்தார். நாலாக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆறாம் படிவத்தைப் பலர் வேறு வழியில்லாதவர்கள் போகுமிடம் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. செலவு மிகக் குறைவு. முடிவில் கிடைக்கும் எஸ்டிபிஎம் சான்றிதழை வெளிநாட்டிலும் ஏற்கிறார்கள். கஷ்டம்தான், மூன்று தவணை மூச்சுமுட்டப் படிக்கவேண்டும்.

நான் கோட்டைவிட்டது வேறிடத்தில். பல்கலைக்கழகத் தகுதிப் புள்ளியில் 90 பாடத்துக்கு, 10 சங்கம், விளையாட்டு போன்ற புறப்பாடத்துக்கு. படிப்பு கெடும் என்று பள்ளியின் செம்பிறைச் சங்கத்திலிருந்து நானாகவே விலகிவிட்டேன். யூபியூ விண்ணப்பத்தின் விருப்பப் பட்டியலிலும் ஆசைப்பட்ட பெரிய துறைகளையே வரிசையாகப் போட்டேன். கடைசியில் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது, கீழே பேருக்குப் போட்டு வைத்திருந்த துறை. நல்லவேளை, பிடித்துப்போனது.

இந்த வருடம் தம்பியின் முறை. நண்பன் அனுப்பிய பட்டியலை அப்படியே போடப் பார்த்தான். அவனுக்குத் திறக்கும் கதவு உனக்கும் திறக்குமா என்று முதலில் பார் என்றேன். மெட்ரிகுலேஷன் கிடைக்காதென்று விட்டுவிடாதே, விண்ணப்பம் போடு. ஆறாம் படிவ இடத்தையும் கையில் வைத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது சாமி மேடை இழுப்பறையைக் கொட்டி, சாரணர் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கிறான்.