தொசு: பெட்டிகள் பிரிந்த ஊர்

சிறு வயதில் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு இரவுப் புகையிரதத்தில் வரும்போது, கல்ஓயாச் சந்தியில் பெட்டிகள் முட்டிக்கொள்ளும் அதிர்வில் விழித்துக்கொள்வேன். திருகோணமலைக்குரிய பெட்டிகளை அங்கே கழற்றிய பிறகு, எங்கள் பெட்டிகள் வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை வழியாக ஊர் வந்து சேரும். கோட்டை நிலையத்தில் ஏறுமுன்பே, “இது மட்டக்களப்புப் பெட்டிதானே?” என்று அப்பா இரண்டு பேரிடமாவது கேட்டு உறுதிசெய்துகொள்வார், பெட்டி மாறி உறங்கினால் விடியும்போது திருகோணமலையில் இறங்க வேண்டியதுதான். சந்தி நிலையங்கள் மீது எனக்குள்ள பற்று அந்த இரவுகளில் தொடங்கியது.

அந்தப் பற்றினால்தான், தொழிற்பயிற்சிக்காக யப்பானின் ஃபுகுவோகா நகரில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தொசு நிலையத்துக்குப் போனேன். அந்நகரின் ஹகாட்டா நிலையத்திலிருந்து தெற்கே 28.6 கிலோமீற்றர் தொலைவில், சாகா மாகாணத்தின் கிழக்கு எல்லையில் தொசு இருக்கிறது. தெற்கே ககோஷிமாவை நோக்கிச் செல்லும் பாதையிலிருந்து மேற்கே நாகசாகிப் பாதை பிரிவது இங்கேதான்.

இவ்வூர்கள் அமைந்துள்ள கியூஷு தீவின் முதலாவது இருப்புப்பாதையைத் தனியார் நிறுவனமொன்று, ஹெர்மன் ரும்ஷோட்டல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளரின் வழிகாட்டலில் அமைத்து, 1889 டிசம்பர் 11 அன்று திறந்தது. தொசு நிலையமும் அன்றே திறக்கப்பட்டது. தொசுவுக்குத் தெற்கே ஓடும் சிக்குகோ ஆற்றின் பாலம் முடிவடையாததால், வண்டிகள் வடகரையில் அமைத்த தற்காலிக நிலையத்தோடு நின்று திரும்பின. 1890இல்தான் ஆற்றைக் கடந்து குருமே நகரை அடைந்தன. 1891இல் சாகா நகர்ப் பாதை மேற்கே பிரிந்தபோது தொசு சந்தியாயிற்று. 1907இல் அந்த நிறுவனத்தை அரசு பொறுப்பேற்றது.

ஆனால் இவ்விடத்து நடமாட்டம் புகையிரதத்துக்கும் மூத்தது. நாகசாகித் துறைமுகத்திலிருந்து வந்த பெருவழியில் தங்குமிடமாக விளங்கிய தஷிரோ, தொசுவை ஒட்டியே இருக்கிறது. மருந்துப் பெட்டியைச் சுமந்து ஊரூராகச் சென்ற வணிகர்களால் அது பெயர்பெற்றது.

என்னை அதிகம் ஈர்த்தது, இப்போது இல்லாமற்போன சரக்குத் தரிப்பிடமே. பல ஊர்களுக்குரிய சரக்குப் பெட்டிகள் கலந்து வரும் வண்டியை ஒரு சிறு மேட்டின் மீது பின்னாலிருந்து தள்ளுவார்கள். உச்சியில் கழற்றப்படும் ஒவ்வொரு பெட்டியும் தன் பாரத்தாலேயே சரிவில் உருண்டு, தான் சேர வேண்டிய தண்டவாளத்தில் போய் நிற்கும். கல்ஓயாவில் ஓரிரு தடவை நிகழும் பிரிப்பும் சேர்ப்பும் இங்கே இரவு பகலாக நடந்தன என்று எண்ணியபோது, அந்தக் குளிரிலும் இருளிலும் கொக்கியைக் கழற்றிய கைகளே நினைவுக்கு வந்தன. தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் நின்று செல்லும் சரக்குப் பயணம் லொறிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமற்போக, 1984 பெப்ரவரியில் யப்பானிய தேசிய இரயில்வே அந்த முறையை நாடெங்கும் கைவிட்டது. தொசுவின் தரிப்பிடமும் மூடப்பட்டு, 1996இல் அந்நிலத்தில் உதைபந்தாட்ட அரங்கு எழுந்தது. மேடையில் நின்று பார்த்தால் தண்டவாளங்களுக்கு அப்பால் அது பெரிதாகத் தெரிகிறது.

நிலையக் கட்டிடம் மட்டும் மெய்ஜி மன்னர் காலத்து (1868–1912) மரக் கட்டிடமாகவே தாழ்வாக, அமைதியாக நிற்கிறது. மேடைக் கூரையைத் தாங்குபவை வளைத்துத் தூணாக்கிய பழைய தண்டவாளங்கள். அவற்றைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் நகர முடியவில்லை. கோழியிறைச்சி தூவிய ஊடோன் நூடில்ஸை நின்றபடியே உண்ணும் கடைகள் மேடைகளில் இருக்கின்றன; 1956இல் தொடங்கிய வழக்கம் இது. ஐந்தாம், ஆறாம் மேடைக் கடையில்தான் சுவை கூடுதல் என்று ஊரவர் நம்புகிறார்கள். நானும் அங்கேயே உண்டேன்.

அதிவேகப் பாதைக்கான புதிய தொசு நிலையம் சற்றுத் தள்ளி, 2011 மார்ச் 12 அன்று திறக்கப்பட்டது. வடகிழக்கு யப்பானை ஆழிப்பேரலை அழித்ததற்கு மறுநாள் அது. விழாக்கள் யாவும் கைவிடப்பட்டு, வண்டிகள் மட்டும் ஓடின. 2004 ஆழிப்பேரலையின் பின் மட்டக்களப்பின் நாவலடிக் கரையில் நின்றவன் என்பதால், அந்தத் திகதியை வாசித்ததும் சற்று நேரம் அசையாமல் நின்றேன். பிறகு நாகசாகிப் பக்கம் செல்லும் வண்டி வந்தது. ஏற நின்ற முதியவர் ஒருவர் பெட்டியின் பலகையைச் சுட்டி நிலைய ஊழியரிடம் ஏதோ கேட்டு, அவர் தலையசைத்த பிறகே ஏறினார்.