கடற்கரைக் கண்காணிப்புப் பயிற்சி: புதுமடம் கரையில் கற்றவை

கடற்கரைக் கண்காணிப்புத் தன்னார்வலருக்கான பயிற்சியை இந்த ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்துப் புதுமடம் கரையில் முடித்தேன். பதிவு செய்வதில் சிரமம் எதுவும் இல்லை. முதல் வகுப்பு முழுவதும் சட்டம் பற்றியது: 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது, கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையோ கடல் அட்டையையோ, உயிரற்றதாயினும், எடுக்கக் கூடாது, ஆமையோ ஆவுளியாவோ (கடற்பசு) ஒதுங்கினால் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சியின் உயிர்நாடி மணற்சரிவை அளக்கும் பாடமே. எமரி என்பவர் 1961-இல் விளக்கிய முறை அது. சென்டிமீட்டர் குறியிட்ட, ஒரே உயரமுள்ள இரண்டு கம்புகளும் அளந்த கயிறும் போதும். அசையாத குறியிடம் ஒன்றிலிருந்து தொடங்கி, கரைப்பக்கக் கம்பருகே நிற்பவர், கடற்பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி பார்த்து, அக்கோடு தம் கம்பை வெட்டும் இடத்தை உச்சியிலிருந்து அளந்து சொன்னால், அந்த இடைவெளியில் மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மணல் மேடிட்டிருந்தால் தம் கம்பின் உச்சியைக் கொண்டு எதிர்க் கம்பில் அளவைப் படிக்க வேண்டும். எங்கள் கரையில் தீவுகள் தொடுவானத்தை மறைப்பதால், அவற்றுக்கு இடையே வெளி தெரியும் திசையைத் தேர்ந்துகொள்ளவே வெகுநேரம் ஆயிற்று.

ஒரு முறை அளந்துவிட்டுக் கடலரிப்பு என்று எழுதக் கூடாது என்பதைப் பயிற்றுநர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். அது முற்றிலும் சரி என்றே கருதுகிறேன். கச்சானில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றில், தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வாடையில், அதாவது வடகிழக்குப் பருவக்காற்றில், வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்கும் என்பது நம் மீனவர் அனைவரும் அறிந்தது. ஒரு பருவத்தில் கரைந்த மணல் மறுபருவத்தில் திரும்பக்கூடும். ஆகவே அதே இடத்தில், அதே திசையில், நீர் வற்றும் நேரத்தில், பருவந்தோறும் அளந்தால்தான் நிலையான இழப்பைப் பிரித்தறிய முடியும். கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவு நீருக்குள் போனதற்குப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அத்தகைய இழப்பு இனி நேருமானால், அது தொடங்கும்போதே நம் கையில் அளவுகள் இருக்க வேண்டும்.

உயிரினப் பதிவில் எங்களுக்கு உண்மையான ஆசிரியர் கடற்பாசி எடுக்கும் அக்கா ஒருவர்தான். பேராமை, அழுங்காமை, சிற்றாமை மூன்றையும் முதுகு ஓட்டின் அமைப்பைக் கொண்டு அவர் பிரித்துக் காட்டிய தெளிவு படவிளக்கத்தில் கிடைக்கவில்லை. எதுவும் தென்படாத நாளிலும் சுழியம் என்று எழுதிப் படிவத்தை அனுப்ப வேண்டும். வெற்றிடமாக விட்டால், பார்த்தும் எதுவும் தென்படவில்லையா, பார்க்கவே இல்லையா என்பது பின்னர் எவருக்கும் விளங்காது.

கச்சான் ஓய்ந்தபின், ஐப்பசி அமாவாசையையொட்டி அடுத்த அளவீட்டை எடுக்கவிருக்கிறோம். கம்பு பிடிக்க, பார்வையிட, எழுத என மூவர் தேவைப்படுவதால், சேர விரும்புவோர் அக்கம்பக்கத்தில் இருவரைச் சேர்த்துக்கொண்டே பதிவு செய்வது நல்லது.