கடைமடையில் கற்ற கணக்கு

பெரியாறு பிரதானக் கால்வாயின் மேலூர்ப் பகுதியில் பாசனப் பிரிவு உதவிப் பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நிறைவாக வாழ்வது எப்படி என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியைத் தண்ணீரைப் பங்கிடும் அந்த வேலையே கற்றுக்கொடுத்தது. பங்கிடும் இடத்தில் இருப்பவனுக்கு, மனிதர்கள் எதனால் நிம்மதியை இழக்கிறார்கள், எதனால் அதைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பது ஒவ்வொரு போகத்திலும் கண்ணெதிரே தெரியும்.

எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வரும் வழி நீண்டது. தேக்கடி மலைகளில் பெய்யும் மழை, 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையை அடைகிறது. அங்கிருந்து பேரணை என்னும் தடுப்பணைக்கு வந்து பிரதானக் கால்வாயில் பிரிந்து, கள்ளந்திரியைத் தாண்டிய பிறகுதான் எங்கள் ஊர்களை எட்டும். கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். இருப்பு போதுமான ஆண்டுகளில் செப்டம்பர் நடுவில் எங்களுக்குத் திறப்பார்கள். மொத்தம் 120 நாட்களில் முதல் 45 நாட்கள் தொடர்ச்சியாகவும், மீதி 75 நாட்கள் முறை வைத்தும், அதாவது ஊர்களுக்கு மாற்றி மாற்றியும், தண்ணீர் விடுவது வழக்கம். இருப்பு இல்லாவிட்டால் தண்ணீர் திறப்பதற்கான அரசாணை வராது; நஞ்சை தரிசாகக் கிடக்கும்.

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அணையில எத்தனை அடி சார்?" என்பதாகவே இருக்கும். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. அந்த எண் நாளிதழில் அரை அடி ஏறினால் மகிழ்ந்து, இறங்கினால் உறக்கம் கெட்டு, இரண்டு மாதத்தையும் அதிலேயே கழித்தவர்களை நான் அறிவேன். அதே வாரங்களில் வேறு சிலர் வாய்க்காலில் மண்டிய கோரையை வெட்டுவார்கள், வரப்பைச் சீர்செய்வார்கள், மடைவாயில் அடைந்த மண்ணை அள்ளிப் போடுவார்கள். தண்ணீர் வந்த ஆண்டில் இவர்களுடைய வயலில் அது தடையின்றிப் பாய்ந்தது. வராத ஆண்டில் இவர்களும் நட்டப்பட்டார்கள். ஆனால் விளைச்சலோடு சேர்த்து அந்த இரண்டு மாத நிம்மதியையும் இழக்கவில்லை. மேற்கே பெய்யும் மழை யார் கையிலும் இல்லை, வாய்க்கால் நம் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் பேச்சில் ஒருபோதும் சொன்னதில்லை, செய்து காட்டினார்கள்.

பின்னாளில் கிரேக்க மெய்யியலாளர் எபிக்டெட்டசைப் பற்றிப் படித்தபோது அந்த மனிதர்கள்தாம் என் நினைவுக்கு வந்தார்கள். அடிமையாக வாழ்ந்து, பிறகு விடுதலை பெற்று, நிக்கோப்போலிஸ் நகரில் பள்ளி நடத்திய அவர், தாமாக எதையும் எழுதி வைக்கவில்லை. அவருடைய மாணவர் அர்ரியன் குறித்து வைத்தவையே நமக்குக் கிடைத்திருக்கின்றன. நம்முடைய எண்ணம், விருப்பம், முயற்சி ஆகியவை நம் வசத்தில் உள்ளவை என்றும், உடல், சொத்து, பதவி, புகழ் ஆகியவை முழுமையாக நம் வசத்தில் இல்லாதவை என்றும் அவர் பிரித்தார். சொத்தும் உடல்நலமும் வேண்டாம் என்று அவருடைய மரபினர் ஒதுக்கவில்லை. அவற்றைத் தேடலாம், ஆனால் மன அமைதியை அவற்றின்மேல் ஏற்றி வைக்கக் கூடாது என்றார்கள். இந்த இடத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, எதிலும் பற்றில்லாமல் ஒதுங்கிவிடச் சொல்லும் தத்துவம் இது என்று எண்ணுகிறார்கள் என்பது என் வருத்தம்.

முறைப்பாசனம் தொடங்கும்போதுதான் உண்மையான சோதனை வரும். தன் முறை முடிந்ததும் மடையை அடைத்துவிட வேண்டும். கீழே இருக்கிற ஊர் காத்திருக்கிறது. தண்ணீர் முதலில் எட்டும் மேல்பகுதியில் நிலம் உள்ள தலைமடைக்காரர்கள் சிலர் அடைக்க மாட்டார்கள். வயலில் தேவைக்கு மேல் தண்ணீர் நின்றால் நெல் கூடுதலாக விளைந்துவிடாது, போட்ட உரம் கரைந்து வெளியேறும் என்பதெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் இரவில் போய் ஷட்டரை ஏற்றிவிட்டு வருவார்கள். இதைப் பேராசை என்றே நான் முதலில் எண்ணியிருந்தேன். எங்கள் பிரிவில் வயதில் மூத்த லஸ்கர் (கால்வாயையும் மடைகளையும் கவனிக்கும் ஊழியர்) ஒருவர் இருந்தார். அவர்தான் ஒருநாள், "இவுகளுக்குத் தண்ணி பத்தாம இல்ல சார், அடுத்த முறைக்கு வராம போயிருமோன்னு பயம்" என்றார். அவர் சொன்னதை வைத்து, எவ்வளவு அழுத்தம் வந்தாலும் அறிவித்த நாளில், அறிவித்த நேரத்தில் திறப்பது, அடைப்பது என்பதை உறுதியாகக் கடைப்பிடித்தோம். சில முறைகள் தவறாமல் வந்த பிறகு, சண்டை போட்டவர்களே தாங்களாக வந்து மடையை அடைத்தார்கள்.

போதும் என்று ஒருவர் சொல்வதற்குத் தனிமனித ஒழுக்கம் மட்டும் போதாது, நாளையும் தன் பங்கு வரும் என்ற நம்பிக்கையும் அவருக்கு வேண்டும் என்பதை அப்போது அறிந்துகொண்டேன். ஆசையை அடக்கு என்று ஏழைக்கும், கால்வாயின் கோடியில் நிலம் உள்ள கடைமடைக்காரருக்கும் உபதேசம் செய்வது எளிது. ஒழுங்காகத் திறந்துவிடும் பொறுப்பில் இருப்பவன் அதைச் செய்யாமல் உபதேசம் மட்டும் செய்தால், அந்த உபதேசத்துக்கு மதிப்பில்லை. வீட்டிலும் இதையே பார்க்கிறேன். நேரத்துக்குக் கிடைக்கும் என்று நம்புகிற குழந்தை தின்பண்டத்தைப் பதுக்கி வைப்பதில்லை.

அலுவலகத்தில் பதவி உயர்வுப் பட்டியல் வரும் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நல்ல சம்பளமும் நல்ல வேலையும் இருந்தவர்கள், தமக்கு மேலே யார் பெயர் வந்தது என்பதைப் பார்த்த நாளிலிருந்து அந்த வேலையை வெறுக்கத் தொடங்கினார்கள். சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைந்திருக்கவில்லை.

மன நிறைவைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அப்படியானால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாய் மூடிக் கிடக்க வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி அது. என் பிரிவின் கடைசி மடையில் நிலம் வைத்திருந்த ஒரு மூதாட்டியை அவர்களுக்கு விடையாகச் சொல்வேன். தண்ணீர் எட்டாத ஆண்டுகளில் மழை ஈரத்தை நம்பி உளுந்து விதைப்பார். "தண்ணி வந்தா நெல்லு, வரலைன்னா உளுந்து, அதுக்காக மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டா இருக்க முடியும், தம்பி?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். அதே அம்மா, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் பேருந்து ஏறிப் போய், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று எங்கள் துறையின் மேல் மனுக் கொடுப்பார். கொடுத்துவிட்டு வந்து, மனுவின் நகலை என்னிடம் நீட்டி, நான் என்ன பதில் எழுதப் போகிறேன் என்று நேராகக் கேட்பார். அவர் குரலில் கோபம் இருந்ததில்லை, விட்டுக்கொடுத்ததும் இல்லை. அந்த மனுக்களின் பேரில்தான் அவருடைய மடைக்குப் போகும் கிளை வாய்க்காலைத் தூர்வார மதிப்பீடு தயாரித்து மேலே அனுப்பினோம்.