ஸ்விட்ச் கவுன்ட்டர் படிக்கிறது: சிசிஎன்ஏ எழுதுறவங்களுக்கு என் அனுபவத்துல இருந்து

சிசிஎன்ஏ 200-301 (சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் சான்றிதழ் பரீட்சை) படிக்கிற முக்கால்வாசி பேர் சப்நெட்டிங், விலேன், ஓஎஸ்பிஎஃப்னு அதுலயே கிடக்கிறாங்க, இன்டர்ஃபேஸ் கவுன்ட்டர் (ஒவ்வொரு போர்ட்லயும் எவ்வளவு ட்ராஃபிக், எத்தனை எரர்னு ஸ்விட்ச் எண்ணி வைக்கிற நம்பர்) பகுதியை கடைசில ஒரு தடவை புரட்டிட்டு போயிடுறாங்க. சிலபஸ்ல இது ரெண்டு இடத்துல தான் தலை காட்டுதுங்கிறது உண்மை தான், கேபிள், டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும் முடிஞ்சா ஃபுல், ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்னா ஹாஃப்) கோளாறு கண்டுபிடிக்கிறது முதல் பகுதில வருது, எஸ்என்எம்பி (ஒரு டூல் நெட்வொர்க் வழியா கவுன்ட்டரை கேட்டு வாங்குற முறை) ஐபி சர்வீசஸ்ல வருது, அந்த ஐபி சர்வீசஸுக்கே மொத்தமா 10 சதவீதம் தான் வெயிட்டேஜ். ஆனா வேலைல சேர்ந்ததும் யாராவது "நெட் ஸ்லோவா இருக்கு"ன்னு வந்து நின்னா கை தானா டைப் பண்ற கமாண்ட் ஷோ இன்டர்ஃபேசஸ் தான், அதனால இதை ஒழுங்கா படிச்சிடுங்க. (எனக்கு என்ன கேள்வி வந்துச்சுன்னு மட்டும் கேட்காதீங்க, வெளிய சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டா தான் பரீட்சையே ஆரம்பிக்கும்.)

முதல்ல டைரக்‌ஷன் க்ளியர் ஆகணும். இன்புட், அவுட்புட் ரெண்டுமே ஸ்விட்ச் பக்கம் நின்னு பார்க்கிறது. ஒரு பிசி பெரிய ஃபைலை டவுன்லோட் பண்ணுதுன்னா அது மாட்டியிருக்கிற போர்ட்ல அவுட்புட் தான் ஏறும், அதே ட்ராஃபிக் அப்லிங்க் போர்ட்ல (மத்த நெட்வொர்க்குக்கு போற போர்ட்) இன்புட்டா தெரியும். கேட்க சின்ன விஷயம் தான், ஆனா இது தலைகீழா மனசுல பதிஞ்சுட்டா அதுக்கு மேல படிக்கிற எல்லாமே தலைகீழா தான் போகும்.

அடுத்து, கவுன்ட்டர்ல இருக்கிற ஒரு நம்பரை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சிஆர்சி (வழில கெட்டுப்போய் வந்த ஃப்ரேம் எண்ணிக்கை) 4000ன்னு இருக்கு, பயப்படணுமா? அந்த 4000 இன்னைக்கு காலைல வந்ததா, ஸ்விட்ச் ஆன் பண்ணி ரெண்டு வருஷமா சேர்ந்ததா? அதனால தான் அவுட்புட்ல "லாஸ்ட் க்ளியரிங்" வரியை முதல்ல தேட பழகணும். அதுல நெவர்னு இருந்தா கவுன்ட்டரை யாரும் க்ளியர் பண்ணல, ஒரு தடவை பார்த்து எழுதி வச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப பாருங்க, அந்த வித்தியாசம் தான் கணக்கு.

ட்ராஃபிக்குக்கும் இதே தான். 5 நிமிஷ இடைவெளில ஒரு போர்ட்டோட பைட்ஸ் 125 கோடில இருந்து 425 கோடி ஆயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. வித்தியாசம் 300 கோடி பைட், எட்டால பெருக்கினா 2400 கோடி பிட், 300 செகண்டால வகுத்தா 80 எம்பிபிஎஸ். ஜிகாபிட் போர்ட்னா வெறும் 8 சதவீதம், 100 எம்பிபிஎஸ் போர்ட்னா 80 சதவீதம். எட்டால பெருக்க மறந்தா மொத்தமும் காலி. இதை பேப்பர்ல வேற வேற நம்பர் வச்சு போட்டு பாருங்க, எஸ்என்எம்பி டூல் போடுற கிராஃப் எல்லாமே உள்ள இந்த கணக்கு தான்னு அப்போ புரியும்.

இங்க ஒரு கொக்கி இருக்கு. பழைய ஆக்டெட் (பைட்) கவுன்ட்டர் 32 பிட், 4,294,967,295 தாண்டினா திரும்ப பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். ஜிகாபிட் லிங்க் ஃபுல்லா ஓடினா சுமார் 34 செகண்ட்லயே ஒரு சுத்து முடிஞ்சுடும், டூல் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை தான் கேட்குதுன்னா நடுவுல எத்தனை சுத்து போச்சுன்னு அதுக்கு தெரியவே தெரியாது, கிராஃப் பார்க்க அழகா இருக்கும் ஆனா பொய். அதுக்கு தான் 64 பிட் கவுன்ட்டர் வந்துச்சு, அது எஸ்என்எம்பி வெர்ஷன் 1ல கிடையாது, 2சி இல்லன்னா 3 வேணும். கேட்கிறது யுடிபி போர்ட் 161, ட்ராப் (ஸ்விட்ச் தானா அனுப்புற அலர்ட்) வர்றது 162ன்னு மனப்பாடம் பண்றதோட நிறைய பேர் நிறுத்திக்கிறாங்க, எனக்கு என்னவோ இந்த 32 பிட் விஷயம் புரிஞ்ச பிறகு தான் வெர்ஷன் வித்தியாசமே மண்டைல நின்னுச்சு. இன்னொன்னு, க்ளியர் கவுன்ட்டர்ஸ் அடிச்சா ஷோ கமாண்ட்ல தெரியுறது தான் பூஜ்யமாகும், எஸ்என்எம்பி கவுன்ட்டர் அப்படியே இருக்கும்.

5 மினிட் ரேட்னு வர்றது சராசரி. லோட்-இன்டர்வல் 30 செகண்ட்னு மாத்திக்கிட்டா லேப்ல சீக்கிரம் அசையும். டிஎக்ஸ்லோட் (அனுப்புற லோட்), ஆர்எக்ஸ்லோட் (வாங்குற லோட்) ரெண்டும் 255க்கு எவ்வளவுன்னு காட்டும், 100க்கு இல்ல. சராசரி கம்மியா இருந்தும் அவுட்புட் ட்ராப்ஸ் (அனுப்ப முடியாம கீழ விட்ட பாக்கெட்) ஏறிட்டே இருந்தா குழம்பாதீங்க, மில்லிசெகண்ட் கணக்குல திடீர்னு குவியுற ட்ராஃபிக் பஃபரை நிரப்பிடும், 5 நிமிஷ சராசரில அது கரைஞ்சு போயிடும்.

எரர் லிஸ்ட்டை அப்படியே உருப்போடாதீங்க, டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்சை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா பாதி லிஸ்ட் அதுலயே வந்துடும். ஒரு பக்கம் ஸ்பீட் 100, ஃபுல் டூப்ளெக்ஸ்னு கையால செட் பண்ணியிருக்கு, இன்னொரு பக்கம் ஆட்டோ. ஆட்டோ பக்கத்துக்கு எதிர்ல இருந்து நெகோஷியேஷன் வராது, ஸ்பீடை மட்டும் உணர்ந்துக்கும், டூப்ளெக்ஸ் தெரியாததால ஹாஃப்ல போய் நிக்கும். ஹாஃப் பக்கம், தான் அனுப்பிட்டு இருக்கும்போதே எதிர்ல இருந்து ஃப்ரேம் வர்றதைப் பார்த்து மோதல்னு பாதில நிறுத்திடும், அது 64 பைட் போன பிறகு நடந்தா லேட் கொலிஷன்னு எண்ணும். அந்த அறுபட்ட ஃப்ரேம் ஃபுல் பக்கத்துல போய் சிஆர்சியாவும் ரன்ட்டாவும் (64 பைட்டுக்கும் குறைஞ்ச ஃப்ரேம்) விழும். ஆக லேட் கொலிஷன் எந்தப் பக்கம், சிஆர்சி எந்தப் பக்கம்னு பார்த்தாலே எது ஹாஃப்னு சொல்லிடலாம். கொலிஷனே இல்லாம, ரெண்டு பக்கமும் ஃபுல்னு இருந்தும் சிஆர்சி மட்டும் ஏறுதுன்னா கேபிள், கனெக்டர் பக்கம் பாருங்க. இன்புட் எரர்ஸ்ங்கிறது கூட்டுத்தொகை, சிஆர்சி அதுக்குள்ளயே இருக்கு, மறுபடி கூட்டாதீங்க.

இதுக்கு சிமுலேட்டர் பத்தாது, நிஜமான ரெண்டு மேனேஜ்டு ஸ்விட்ச் எங்கயாவது பழசா கிடைச்சா அதுல பண்ணுங்க. மேல சொன்ன மாதிரி வேணும்னே மிஸ்மேட்ச் வச்சு பிங் பண்ணா நல்லா தான் போகும், ஐபெர்ஃப் (ட்ராஃபிக் உண்டாக்குற டூல்) போட்டு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல லோட் கொடுத்தா தான் கவுன்ட்டர் எகிறும். சிஸ்கோ ஸ்விட்ச் ரெண்டுன்னா சிடிபியே (பக்கத்துல மாட்டியிருக்கிற சாதனத்தை கண்டுபிடிக்கிற சிஸ்கோ புரோட்டோகால்) மிஸ்மேட்ச்னு லாக்ல கத்தும், அதையும் பார்த்து வச்சுக்கோங்க. ஆர்மான் (தூரத்துல இருந்து நெட்வொர்க்கை கண்காணிக்கிற ஸ்டாண்டர்ட்) பத்தி ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஹிஸ்டரி, அலாரம், ஈவென்ட்னு நாலு குரூப் பேர் தெரிஞ்சா போதும். கவுன்ட்டர் எவ்வளவு ட்ராஃபிக்னு தான் சொல்லும், யாரோடதுன்னு சொல்லாது, அதுக்கு போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டோட ட்ராஃபிக்கை இன்னொரு போர்ட்டுக்கு காப்பி பண்றது) இல்லன்னா நெட்ஃப்ளோ (யார் யாரோட எவ்வளவு பேசினாங்கன்னு பதியுறது) மாதிரி ஏதாவது வேணும்.

பரீட்சை 120 நிமிஷம், ஒரு கேள்வியை தாண்டிட்டா திரும்ப வர முடியாது, அதனால நீளமா ஒரு அவுட்புட் கொடுத்தா முழுசா படிச்சுட்டு உட்காராதீங்க. லைன் அப் ஆகியிருக்கா, டூப்ளெக்ஸ் ஸ்பீட் வரி, க்ளியரிங் வரி, சிஆர்சி, லேட் கொலிஷன், அவுட்புட் ட்ராப்ஸ், இந்த வரிசைல கண்ணை ஓட்டிட்டு நேரா ஆப்ஷனுக்கு போயிடுங்க.