பாலாற்று மணலில் நாலு காது

மே 3

விடிகாலை நாலரைக்கே பாலாற்றில் இறங்கிவிட்டேன். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் காற்றும் சேர்ந்துகொள்ளும். மைக்குக்கு இரண்டும் ஆகாது. கொண்டுபோனது நாலு தலை மைக். ஒரே கைப்பிடியின் நுனியில் நாலு பொட்டு மைக்குகள், ஆளுக்கொரு மூலையைப் பார்த்தபடி இருக்கும். நாலையும் கணக்குப்படி கலந்தால் முன்பின், இடவலம், மேல்கீழ் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்துவரும். 1970களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்சன் வகுத்த கணக்கு அது. ஆம்பிசானிக்ஸ் என்கிறார்கள்.

முதலில் கரிச்சான். அப்புறம் ஓர் ஆட்காட்டி என்னைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது, முட்டை எங்கேயோ பக்கத்தில் இருந்திருக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பாலத்தில் ரயில். திட்டினேன். அதுவும் பதிவாகியிருக்கிறது.

மே 4

இன்றிலிருந்து அக்னி நட்சத்திரம். வெளியே தலைகாட்டவில்லை. ரயிலை வெட்டி எடுக்க உட்கார்ந்தேன். வெட்டிவிட்டுக் கேட்டால் பறவைகள் மட்டும் இருக்கின்றன, ஆற்றைக் காணோம். எந்தத் தோப்பிலும் எடுத்திருக்கலாம் போல. திரும்பச் சேர்த்தேன். காட்பாடி பக்கமிருந்து கடகடவென்று கிளம்பி, மணலை முழுக்கக் குறுக்காகக் கடந்து, அந்தப் பக்கம், வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் திசையில், தேய்ந்து போகிறது. ஆறு எவ்வளவு அகலம் என்று அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் காதுக்குத் தெரிகிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் கரையில் நின்று செல்போனில் பிடித்தது இன்னும் இருக்கிறது. தண்ணீர் இரு கரையும் முட்டிப் போகிறது, ஆனால் காதில் விழுவது ஒரே இரைச்சல்தான்.

ரயிலைத் திட்டியிருக்கக் கூடாது. பியர் ஷேஃபர் 1948இல் பாரிஸில் பதிவொலிகளை வெட்டி ஒட்டி இசை செய்யத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டதே ரயில் சத்தம்தான். காட்பாடிக்காரனுக்கு இது ஞாபகம் இருந்திருக்க வேண்டாமா?

மே 9

நாலு ஸ்பீக்கர் வேண்டும். மைக் செட் அண்ணனிடம் போனேன்.

"இன்னா தம்பி, கல்யாணமா?"

"இல்லண்ணே, ஆத்து சத்தம் போடப்போறேன்."

"ஆத்துல தண்ணியே கிடையாது, சத்தம் இன்னா சத்தம்?"

சிரித்தாலும் வாடகையில் பாதிதான் வாங்கினார். குழாய் ஸ்பீக்கரும் வேண்டுமா என்றார். ஆசையாகத்தான் இருந்தது.

மே 10

நடு அறையில் நாலு மூலைக்கும் ஒவ்வொன்று வைத்து ஓட்டினேன். ஆறு முழுவதும் பீரோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது! கரிச்சான், ஆட்காட்டி, ரயில் எல்லாமே அந்த மூலையிலிருந்துதான் வருகின்றன. ஒரு மணி நேரம் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் தையல் டேப்பை வைத்து அளந்தால், பீரோவுக்கு முன்னால் வைத்த ஸ்பீக்கர் மட்டும் மற்ற மூன்றைவிட நாற்காலிக்கு ஒரு மீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் முந்தி வருகிற சத்தம் எங்கிருந்து வருகிறதோ அதைத்தான் காது நம்பும். அந்த ஸ்பீக்கரை மட்டும் 3 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி, சத்தத்தையும் கொஞ்சம் குறைத்தேன். ஆறு பீரோவிலிருந்து எழுந்து வெளியே வந்தது.

மேல்கீழ் மட்டும் வீண். நாலும் ஒரே உயரத்தில் நிற்பதால் தலைக்கு மேல் பறந்த ஆட்காட்டி இப்போது என்னைச் சுற்றி நடக்கிறது.

மே 16

இந்த வகைப் பதிவில் ஒரு வசதி: மொத்தத்தையும் அப்படியே எந்தத் திசைக்கும் திருப்பலாம். ஆற்றின் வடக்கு வீட்டின் வடக்கோடு பொருந்தும்படி திருப்பி வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

ஆயாவை நடுவில் உட்காரவைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு ஓட்டினேன். பறவைகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தது. ரயில் வந்ததும் மடித்த கை நின்றது. தலை மெதுவாக வடக்கிலிருந்து தெற்கே திரும்பியது, சத்தம் தேயும்வரை.

"கன்டோன்மென்ட்டுக்குப் போற வண்டி."

எப்படித் தெரியும் என்றேன்.

"அந்தப் பக்கம்தான போவுது? சரி, முதல்ல ஃபேனைப் போடு."