ஆறின் இடத்தில் எட்டு: கேனன் ஆர்8 எங்கே நிற்கிறது?

கேனன் நிறுவனம் 2023 பிப்ரவரி 8 அன்று அறிவித்த ஆர்8 கேமராவைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: விலை கூடிய ஆர்6 மார்க் 2 கேமராவின் சென்சாரையும் (படத்தைப் பதிவுசெய்யும் ஒளியுணரி) செயலியையும் மலிவான ஆர்பி கேமராவின் உடலுக்குள் வைத்திருக்கிறார்கள். இது சரியான வரிதான். ஆனால் 1499 டாலர் விலையில் வந்த இந்தக் கேமரா கேனனின் வரிசையில் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும்; ஏனெனில் ஆர்7 ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா, அதற்கு ஒரு படி கீழே இருக்கவேண்டிய ஆர்8 ஃபுல்ஃப்ரேம் (35 மிமீ ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) கேமரா, அதற்கடுத்த ஆர்10 மறுபடியும் ஏபிஎஸ்-சி.

என் கணிப்பில் ஆர்8 என்பது கேனனின் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவான 6டி-யின் வாரிசு. 2012-இல் வந்த 6டி எப்படிப்பட்ட கேமரா என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அதைவிட விலை கூடிய 5டி மார்க் 3 வாங்க வசதியில்லாதவருக்கு ஃபுல்ஃப்ரேம் படத்தரத்தைத் தரவேண்டும், ஆனால் 5டி-யின் விற்பனையையும் கெடுத்துவிடக் கூடாது என்ற இரட்டை நோக்கத்தோடு 2099 டாலருக்கு விற்கப்பட்ட கேமரா அது. ஒரே ஒரு எஸ்டி கார்டு இடம், ஷட்டர் வேகம் 1/4000 நொடி வரை மட்டும், ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக் கிடையாது. 2017-இல் வந்த 6டி மார்க் 2-உம் இந்த மூன்றையும் அப்படியே தொடர்ந்தது. 2020-இல் ஆர்6 வந்தபோது அதன் பெயரைப் பார்த்து 6டி-யின் வழித்தோன்றல் என்று பலரும் எடுத்துக்கொண்டோம். ஆனால் இரண்டு கார்டு இடங்கள், 1/8000 ஷட்டர், ஜாய்ஸ்டிக், கை நடுக்கத்தைச் சரிசெய்ய உடலுக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பு, 2499 டாலர் விலை என்று அது வந்து நின்ற இடம் 5டி-யின் வட்டாரம். ஆறு என்ற எண் மாடி ஏறிவிட்டது. அது காலி செய்த வீட்டுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து எட்டு குடிவந்திருக்கிறது. 6டி-யின் அதே மூன்று குறைகளும் (ஷட்டர் வரம்பு மின்னணு ஷட்டருக்கு மட்டும் பொருந்தாது) ஆர்8-இலும் இருப்பதைக் கவனித்தால், கேனன் பழைய கணக்கையே மறுபடியும் போட்டிருப்பது புரியும்.

படத்தரத்தில் கேனன் கை வைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆர்6 மார்க் 2-இல் உள்ள அதே 24.2 மெகாபிக்சல் சென்சார், அதே டிஜிக் எக்ஸ் செயலி, மனிதர்களையும் விலங்குகளையும் வாகனங்களையும் அடையாளம் கண்டு பின்தொடரும் அதே ஆட்டோஃபோகஸ், மின்னணு ஷட்டரில் (திரைகள் அசையாமல் சென்சாரே படத்தைத் தொடங்கி முடிக்கும் முறை) நொடிக்கு 40 படங்கள், சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்தும், நொடிக்கு 60 சட்டகங்கள் கொண்ட 4கே வீடியோ ஆகிய அனைத்தும் ஆயிரம் டாலர் குறைவான விலையில் கிடைக்கின்றன. ஒரே காட்சியை இரண்டு கேமராக்களிலும் முக்காலியில் வைத்து எடுத்தால், எந்தப் படம் எதில் எடுத்தது என்று கோப்பைப் பார்த்துச் சொல்வது கடினம்.

கேனன் கத்தரித்ததெல்லாம் கையில் பிடித்து வேலை செய்யும்போதுதான் தெரியவரும். ஆர்8-இல் முழுமையான மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை. ஷட்டர் என்பது சென்சாருக்கு முன்னால் அடுத்தடுத்து நகரும் இரண்டு திரைகள்; இதில் முதல் திரை எப்போதும் மின்னணு முறையில்தான் திறக்கிறது, இரண்டாவது திரை மட்டுமே உண்மையான திரை. விவரப் பட்டியலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இந்தச் செய்தி, எஃப்/1.2 போன்ற பெரிய திறப்புள்ள லென்ஸை வெயிலில் பயன்படுத்துகிறவருக்குப் படத்திலேயே தெரியும். 1/2000-க்கு மேல் போகப் போக, பின்னணியில் முழு வட்டமாக விழவேண்டிய ஒளிப்பொட்டுகள் ஓர் ஓரத்தில் வெட்டுப்பட்டதுபோல் விழும். முழு மின்னணு ஷட்டருக்கு மாறினால் அந்தக் குறை போய்விடும். ஆனால் அதில் ஃப்ளாஷ் வேலை செய்யாது, வேகமாகச் சுழலும் பேட்மின்டன் மட்டையோ கோல்ஃப் மட்டையோ வளைந்து பதிவாகும். ஆர்6 மார்க் 2 வைத்திருப்பவர் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, நொடிக்கு 12 படங்கள் என்று எடுத்துக்கொண்டே இருப்பார். ஆர்8-இல் அந்த வழி இல்லை. மின்னணு முதல் திரையோடு நொடிக்கு 6 படங்கள்தான்.

உடலுக்குள் அதிர்வுத் தடுப்பு இல்லாததை நான் இதைவிடப் பெரிய குறையாக நினைக்கிறேன். லென்ஸிலேயே தடுப்பு இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஆனால் இந்த விலையில் கேமரா வாங்குகிறவர் அடுத்து வாங்கக்கூடிய மலிவான லென்ஸ்களான ஆர்எஃப் 50 எஃப்/1.8, ஆர்எஃப் 16 எஃப்/2.8 ஆகிய இரண்டிலுமே தடுப்பு இல்லை. உடலில் தடுப்புள்ள ஆர்6 மார்க் 2 வாங்குகிறவர்களோ, தடுப்புள்ள விலையுயர்ந்த லென்ஸ்களையும் வாங்கக்கூடியவர்கள். ஆக, யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது மறுக்கப்பட்டிருக்கிறது. வேறு நிறுவனங்களின் லென்ஸ் பக்கம் போகலாம் என்றால் அந்தக் கதவையும் கேனன் அப்போது இறுக்கிப் பிடித்திருந்தது. 2022-இல் சீன லென்ஸ் நிறுவனமான வில்ட்ராக்ஸ் தன் ஆர்எஃப் மவுண்ட் (ஆர் வரிசைக் கேமராக்களின் லென்ஸ் இணைப்பு) ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதை மறந்துவிட முடியாது. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான இஎஃப் லென்ஸ்களை அலமாரியில் வைத்திருப்பவர்கள் மட்டும் அடாப்டர் போட்டு நிம்மதியாக இருக்கலாம், அதாவது 6டி வைத்திருந்தவர்கள். இதுவும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கார்டு இடம் ஒன்றே என்பதோடு, அது இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். கேமராவின் அடிப்பக்கத்தில் பேட்டரியின் மூடிக்குள்ளேயே கார்டையும் வைத்திருக்கிறார்கள். முக்காலியின் தகடு மாட்டியிருந்தால், கார்டை எடுப்பதற்குத் தகட்டைக் கழற்ற வேண்டிவரலாம். பத்தாண்டுகளுக்கு முந்தைய 6டி-யிலேயே கார்டுக்குப் பக்கவாட்டில் தனி மூடி இருந்தது. பேட்டரியும் 6டி-யில் இருந்த பெரிய எல்பி-இ6 வகை அல்ல, 1040 எம்ஏஎச் கொள்ளளவுள்ள சிறிய எல்பி-இ17. ஆர்6 மார்க் 2-இன் பேட்டரி 2130 எம்ஏஎச். கல்யாண வீட்டில் காலை முதல் இரவு வரை படம் எடுப்பவர் இதை முதன்மைக் கேமராவாக நம்பிப் போகமாட்டார் என்பது கேனனுக்கு நன்றாகத் தெரியும். அவரை ஆர்6 மார்க் 2 பக்கம் தள்ளுவதற்கு இந்த இரண்டு குறைகளே போதும். இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது எடைக்குறைவு. பேட்டரியும் கார்டும் சேர்ந்து ஆர்8-இன் எடை 461 கிராம், ஆர்6 மார்க் 2-இன் எடை 670 கிராம்.

அதே 1499 டாலருக்கு 2022-இல் வந்த ஆர்7-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வரிசையின் தர்க்கம் தெளிவாகிறது. ஆர்8-இல் இல்லாத எல்லாம் ஆர்7-இல் உண்டு: உடல் அதிர்வுத் தடுப்பு, இரண்டு கார்டு இடங்கள், பெரிய பேட்டரி, ஜாய்ஸ்டிக், மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படங்கள். சென்சார் மட்டும் சிறியது. ஆனால் அதில் 32.5 மெகாபிக்சல். பறவைகளையும் விளையாட்டையும் தூரத்திலிருந்து எடுப்பவருக்கு அந்தச் சிறிய சென்சாரே லாபம், ஏனெனில் 400 மிமீ லென்ஸ் அதில் 640 மிமீ லென்ஸின் கோணத்தைத் தரும். மங்கிய வெளிச்சத்தில் முகங்களை எடுப்பவருக்கு ஆர்8. இரண்டுக்கும் ஒரே விலை வைத்ததன் மூலம், இவற்றில் எது மேல் எது கீழ் என்று கேனனே சொல்ல மறுத்துவிட்டது; எண்களில் மட்டும் ஏழு மேலே இருக்கிறது.

2019-இல் 1299 டாலருக்கு வந்த ஆர்பி, ஆர்8 வந்தபோதும் பட்டியலில் இருந்தது, விலையும் நன்றாக இறங்கியிருந்தது. புகைப்படம் மட்டும் எடுப்பவருக்கு அது இன்றும் மோசமான கேமரா அல்ல. ஆனால் அதன் சென்சார் 6டி மார்க் 2-இன் வழிவந்தது, 4கே வீடியோவில் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும், அந்த முறையில் கேனனின் வேகமான டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யாது. வீடியோவும் எடுக்கும் எண்ணம் இருந்தால், விலை வித்தியாசத்தைச் சேர்த்து வைத்து ஆர்8-க்குப் போங்கள். வாங்கும்போதே கூடுதலாக ஒரு எல்பி-இ17 பேட்டரிக்கும் கணக்குப் போட்டுவிடுங்கள்.